எட்டாவது விளக்கு

மேசையில் செருகியிருந்த எல்லா ரேடியோக்களையும் பிடுங்கிய பிறகும் மின்சாரம் அளக்கும் மீட்டரின் முள் நடுவுக்கு வரவில்லை. பூச்சியத்துக்கு ஒரு மயிரிழை இடப்பக்கம் சாய்ந்து நின்றது. ரேடியோ மெக்கானிக் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அப்போதும் முள் அங்கேயேதான் நின்றது.

அன்று பகல் முழுக்க அவருக்கு இதுதான் வேலை. பன்னிரண்டு வோல்ட்டுக்கு ஆயிரம் ஒயர் இழுத்து, கோழி கிளறிய குப்பையாகக் கிடந்த மேசையை ஒழித்துக்கட்டி, பின்விளிம்பில் நீளமாக ஒரு பலகை அறைந்து எட்டு சாக்கெட் பதித்திருந்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பியூஸ், ஒரு சின்னச் சிவப்பு விளக்கு. எதை வேண்டுமானாலும் எதில் வேண்டுமானாலும் செருகிக்கொள்ளலாம். ஏழு சாக்கெட் பிழைப்புக்கு, எட்டாவது மனைவிக்கு.

பக்கவாதத்தில் பேச்சு போய், அவள் உள்ளறையில் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். வலது கட்டைவிரல் மட்டும்தான் அவள் சொன்னபடி கேட்டது. அந்த விரலுக்கடியில் ஒரு பித்தான் வைத்திருந்தார். அவள் அமுக்கினால் எட்டாவது விளக்கு எரியும். அது எரிகிறவரைக்கும் தனக்கு உலகத்தில் ஓர் ஆள் இருக்கிறது என்பது அவர் கணக்கு.

எல்லா ஒயருக்கும் ஒரே மாதிரி பிளக் போடும் அவருடைய வழக்கத்தை, வாய் இருந்த காலத்தில் அவள் கேலி செய்வாள். "எல்லாக் கதவுக்கும் ஒரே சாவி வெச்சா யாருக்குங்க சௌகரியம், நமக்கா திருடனுக்கா?"

பொழுது சாயும்போது மனைவியின் தங்கை செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருந்தாள். "அக்கா தூங்குறா மாமா. கை மட்டும் ஜில்லுன்னு இருக்கு. போத்திவிட்டிருக்கேன், ஒரு எட்டு போய்ப் பாருங்க."

ஒயர் பற்றவைக்கிற மும்முரத்தில் அவர் "ம்" என்றதோடு சரி.

இப்போது ஒவ்வொரு பியூஸாகக் கழற்றினார். ஏழு வரைக்கும் முள் அசையவில்லை. எட்டாவதைக் கழற்றியதும் நடுவுக்கு வந்தது. திரும்பப் போட்டதும் இடப்பக்கம் சாய்ந்தது.

மேசையிலிருந்து மின்சாரம் வெளியே போனால் முள் வலப்பக்கம் போகும். இடப்பக்கம் போனால், எங்கிருந்தோ மேசைக்குள் வருகிறது என்று அர்த்தம். ஒரு பித்தானில் வருவதற்கு என்ன இருக்கிறது? பவர் சப்ளையின் ஒயரைச் சுவரிலிருந்தே உருவினார். முள் இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் நகர்ந்தது.

எட்டாவது விளக்கு மங்கலாக எரியத் தொடங்கியது. தொழில்காரனின் கை சும்மா இருக்காது. கைக்கு அகப்பட்ட ஒரு ரேடியோவை எடுத்து முதல் சாக்கெட்டில் செருகினார். ஈயப் புகையும் பிசின் வாடையும் தேங்கியிருந்த அந்த அறையில், ஸ்பீக்கரின் இரைச்சலுக்கு அடியிலிருந்து ஏதோ ஒன்று மெதுவாக ஏறி, கடைசியில் லேசாகத் தடுக்கி, மெதுவாக இறங்கி, மறுபடி ஏறியது. மூச்சு. இரவெல்லாம் காதைத் தீட்டிக் கேட்டுப் பழகிய மூச்சு.

உள்ளறைக்கு ஓடினார்.

அவள் கட்டைவிரல் பித்தானை அமுக்கியபடி இருந்தது. நகம் வெளுத்திருந்தது. போர்வை ஏறவில்லை. இறங்கவில்லை. மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தார். ஒன்றுமில்லை. கன்னம் சில்லிட்டிருந்தது.

முன்னறை ரேடியோவில் மூச்சு ஏறியது. தடுக்கியது. இறங்கியது.

"இந்தா பாரும்மா," என்றார்.

"ஏங்க," என்றது முன்னறை.

எத்தனையோ நாளாக அவர் ஏங்கிக் கிடந்த குரல். கட்டிலோரம் உட்கார்ந்துவிட்டார்.

"விரல் வலிக்குதுங்க. கொஞ்ச நேரம் நீங்க பிடிச்சுக்கோங்க."

கதவு வழியாக மேசை தெரிந்தது. எட்டாவது விளக்கு மங்கிக்கொண்டிருந்தது. மூச்சும் தேய்ந்துகொண்டே வந்தது. அது அணைந்தால் அவள் போய்விடுவாள். அது ஒன்றுதான் அவருக்குப் புரிந்தது. மற்றதை யோசிக்க அவருக்கு மனம் வரவில்லை.

அவள் விரலைத் தூக்கினார். விறைத்திருந்தது. தன் கட்டைவிரலைப் பித்தானில் வைத்து அமுக்கினார்.

விளக்கு பளிச்சென்று எரிந்தது.

அடுத்தது ஏழாவது. ஆறாவது. கடைசியில் எட்டு விளக்கும் எரிந்தன.

கையில் குளிர் ஏறியது. முழங்கை. தோள். விரலை எடுக்கப் பார்த்தார். வரவில்லை. யாரையாவது கூப்பிட வாய் திறந்தார். சத்தம் வரவில்லை. இடது கையை நெஞ்சில் வைத்துப் பார்த்தார். ஏறவில்லை. இறங்கவில்லை.

முன்னறை ரேடியோவில் இரண்டு மூச்சு கேட்டது.

உள்ளறையில் ஒன்றுகூட இல்லை.