வளைவில் நின்ற விளக்கு

ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த தன் கைகளுக்கு விரல்களே இல்லாததுபோல் அர்கிரிஸுக்குத் தோன்றியது. வெளுத்த இரண்டு திட்டுகள், அவ்வளவுதான்.

கலாமாத்தா நகரத்தில் கண் டாக்டரிடம் சொட்டு மருந்து விட்டபோதே நர்ஸ் கேட்டிருந்தாள். "கண்ணு பூனைக்கண்ணு மாதிரி விரிஞ்சிடும், கிட்ட இருக்கிறது எதுவும் தெரியாது. ராத்திரி வரைக்கும் வண்டியத் தொடக்கூடாது. கூட யாரு வந்திருக்கா?"

"மருமகன் கீழே கார்ல இருக்கான்மா."

பொய். அந்த மருமகன் ஸ்டாதிஸ் காலையிலேயே கூப்பிட்டிருந்தான். "நான் ஓட்டிட்டு வரேன் மாமா."

"ஐம்பது வயசுலயே என்னைக் கிழவனாக்கிட்டியாடா?" என்று சொல்லி ஃபோனை வைத்திருந்தார்.

இப்போது வெட்கம் பிடுங்கித் தின்றது. மறையும் சூரியன் கண்ணாடி முழுக்க வெள்ளையாய் வழிந்தது. எதிரே வந்த லாரியின் விளக்குகள் ஊதிப் பெருத்து ஒன்றையொன்று விழுங்கின. ஒலிவ மரங்களெல்லாம் சாம்பல் புகையாய் சாலையோரம் நகர்ந்தன. நிறுத்தி ஸ்டாதிஸைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் ஊர் காபிக்கடையில் நாளைக்கு இதுதான் பேச்சு. கூப்பிடவில்லை.

ஊருக்கு முந்தின வளைவுதான் அவர் மனைவி விபத்தில் செத்த இடம். அங்கே சாலையின் வலப்பக்கம் அவள் நினைவாகத் தகரத்தில் ஒரு சின்னக் கோயில்பெட்டி, உள்ளே ஓர் எண்ணெய் விளக்கு. சனிக்கிழமை தவறாமல் மகள் வாசோ, வீட்டுச் சாமிப்படத்து விளக்கிலிருந்தே நெருப்பை ஒரு கைவிளக்கில் எடுத்துப்போய் அதை ஏற்றுவாள். அந்தச் சுடர் தெரிந்தால் போதும், இடப்பக்கம் திருப்பிவிடலாம்.

தெரிந்தது. பூசணிக்காய் அளவுக்கு மஞ்சளாய் வீங்கிய ஒளி. அப்பாடா! எப்போதும்போல் வலது கையை எடுத்துச் சிலுவை போட்டுக்கொண்டே, ஒற்றைக் கையால் இடப்பக்கம் திருப்பினார்.

விளக்கும் இடப்பக்கம் நகர்ந்தது.

கோயில்பெட்டி நகராது.

தடால்.

அமைதி. எண்ணெய் வாசனை. ஆடாக இருக்கட்டும் கடவுளே, ஆடாக இருக்கட்டும். இறங்கினார். தரையில் கறுப்பாய் ஏதோ. குனிந்தார். குனியக் குனியக் கலங்கியது. கையில் கம்பளிச் சால்வை தட்டுப்பட்டது.

"அப்பா?"

"வாசோ! ஐயோ, என் கண்ணே!"

"ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கப்பா."

ஃபோனை எடுத்தார். திரை ஒரே வெளிச்சக் குழம்பு. அழுத்தினார். ஏதோ பாட்டு ஒலித்தது. தள்ளிப் பிடித்தார். இன்னும் தள்ளி. கை அதற்குமேல் நீளவில்லை.

"தெரியலம்மா... எனக்கு எதுவும் தெரியல."

"சொட்டு மருந்தோடயா ஓட்டிட்டு வந்தீங்க?" அவள் குரலில் கோபம்கூட இல்லை. "இங்க குடுங்க. நானே அடிக்கிறேன்."

கொடுத்தார். பாட்டு நின்றது. அவசர உதவிக்கு நூற்றுப் பன்னிரண்டு. மூன்றே தட்டு.

டிக்.

டிக்.

காத்திருந்தார்.

"வாசோ?"

எழுந்து பின்னால் ஓர் அடி வைத்தார். இன்னொன்று. முகம் மெல்லக் கூடி வந்தது. மூக்கு. வாய். திறந்த கண்கள். அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

வேகமாய் முன்னால் போய் மண்டியிட்டார். முகம் கலைந்துபோனது. இன்னும் கிட்டே குனிந்தார், அது முழுசாய்க் கலையும்வரை.