வெள்ளைச் சைக்கிளுக்கு அடித்த மணி

மணி கேட்டது. சக்கரம் கேட்கவில்லை.

டான்யூப் ஆற்றின் கரையோரம் போகும் அந்தப் பாதை முழுக்கச் சரளைக்கல். பின்னால் ஒரு சைக்கிள் வந்தால் நறநறவென்று காட்டிக்கொடுத்துவிடும். ரோஸ்விதா மிதிப்பதை நிறுத்திக் காதைத் தீட்டினாள். நனைந்த இலைகள் ஒவ்வொன்றாக உதிரும் சத்தமும், பனிமூட்டத்துக்கு அப்பால் எங்கோ சரக்குப் படகு ஒன்று முனகிக்கொண்டு போகும் சத்தமும்தான் கேட்டன. ஆற்றுப் பக்கமிருந்து அழுகிய சேற்று வாடை வந்தது.

கழுத்தில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டதிலிருந்து அவளால் தலையைத் திருப்ப முடியாது. அதற்காகவே கணவன் ஹார்ட்விக்கோடு ஓர் ஏற்பாடு. பின்னால் வரும் அவன் ஒருமுறை மணியடித்தால் 'இருக்கிறேன்'. அவள் இருமுறை அடித்தால் 'என்னோடு வா'.

காலையில் விடுதியிலேயே சண்டை மூண்டிருந்தது.

"இந்தக் கழுத்த வச்சுக்கிட்டு அறுபது கிலோமீட்டரா? ரயில்ல போயிடலாம்னா கேக்குறியா?"

"உனக்கு மூச்சு வாங்குதுன்னு சொல்லு. என் கழுத்து மேல பழி போடாத."

அதிலிருந்து அவன் வாய் திறக்கவில்லை. வீம்பு பிடித்த மனுஷன். வேண்டுமென்றே புல்லில் ஓட்டிக்கொண்டு வந்து பயமுறுத்துகிறானோ என்று அவளுக்குச் சந்தேகம்.

"ஹார்ட்விக்! வாயில என்ன கொழுக்கட்டையா?"

ஒருமுறை மணி. அதிலும் தண்ணீர் புகுந்ததுபோல ஒரு கரகரப்பு.

அந்தக் கரகரப்பு எப்போது தொடங்கியது என்று யோசித்தாள். மதியம், அந்த நெட்டை மரத்தைத் தாண்டிய பிறகு. மரத்தடியில் வெள்ளை வண்ணம் பூசிய சைக்கிள் ஒன்றைச் சங்கிலியால் கட்டியிருந்தார்கள். வெள்ளத்தில் பாதையோடு அடித்துச் செல்லப்பட்ட யாரோ ஒரு சைக்கிள்காரனின் நினைவாக. அந்த வழியே போகிறவர்கள் அவனுக்கு ஒரு மணி அடித்துவிட்டுப் போவது வழக்கம். அவளும் அடித்தாள். ஹார்ட்விக்கைக் கூப்பிட்டே பழகிய கட்டைவிரல் இருமுறை அடித்துவிட்டது.

சீ, பைத்தியம். இருந்தாலும் இறங்கி, சைக்கிளோடு முழுதாகத் திரும்பிப் பார்த்தாள். பாதையின் வளைவு, பனி. அவ்வளவுதான்.

ஏறி மிதித்தாள். மணி. இன்னும் வேகமாக மிதித்தாள். மணி, இப்போது நெருக்கத்தில். சேற்று வாடை மூக்கில் ஏறியது. ஹார்ட்விக் அவளை ஒருநாளும் இப்படி விரட்ட மாட்டான். அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டதா?

நல்லவேளை, படகுத்துறை வந்துவிட்டது. படகுக்காரர் அவளை ஏற்றிக்கொண்டு, சைக்கிளை வாங்கிப் படகிலிருந்த தாங்கியில் சாய்த்தார். ஏறுபலகையை மட்டும் தூக்கவில்லை. அவளைத் தாண்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உங்க வீட்டுக்காரரும் ஏறிக்கட்டும்மா. பாவம், தொப்பலா நனைஞ்சிருக்காரே."

மழையே பெய்யவில்லை. ஆற்றில் விழுந்து தொலைத்தானா? அதனால்தான் இந்தக் கோபமா? அவள் வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. வந்துவிட்டான், அது போதும்.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?" என்றாள், ஆற்றைப் பார்த்தபடியே.

பலகை ஏறியது. படகு நகர்ந்தது. காலைச் சண்டைக்குப் பிறகு சத்தத்தை அடக்கிப் பையில் போட்ட கைபேசியை அப்போதுதான் எடுத்தாள். ஹார்ட்விக்கிடமிருந்து ஆறு அழைப்புகள். ஒரு செய்தி, மதியம் அனுப்பியது.

'சங்கிலி அறுந்துடுச்சு. கத்தினேன், உனக்குக் கேக்கல. ஒரு வேன்ல அணைப் பாலம் வழியா அக்கரைக்குப் போறேன். படகுத்துறையில நிக்கிறேன். கோபமெல்லாம் இல்லடி.'

நிமிர்ந்தாள். பனி விலகியிருந்தது. அக்கரையில் ஹார்ட்விக். நனையாத சட்டை. முதலில் ஒரு கையை ஆட்டினான். பிறகு கை அப்படியே நின்றது. பிறகு இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கி ஓடிவந்தான். வாய் திறந்து திறந்து மூடியது. ஒன்றும் கேட்கவில்லை.

படகு நடு ஆற்றில்.

அவள் பிடரியில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

அவள் தோளுக்கு மேலாக ஒரு கை நீண்டது. ஊறி வெளுத்த கை, நகமில்லாத கை. அது தாங்கியில் நின்ற அவள் சைக்கிளின் மணியை எட்டி அடித்தது.

இருமுறை.