எழுந்திருக்கச் சொல்லாதவள்

திரையில் அவள் மூடிவிட்டுப் போன அந்தப் படம், முகம் கழுவி வருவதற்குள் மறுபடி திறந்திருந்தது. யார் வீட்டிலோ ஓர் அறை. நாற்காலியில் தலை தொங்க உட்கார்ந்திருக்கும் ஒரு பெரியவர்.

பயமுறுத்துவதுதான் அவள் பிழைப்பு. “ஐயா, பேங்க்லேர்ந்து பேசறேன். உங்க கம்ப்யூட்டர்ல வைரஸ் புகுந்திருக்கு” என்று தேனொழுகப் பேசி, கம்ப்யூட்டரையும் அதன் கேமராவையும் தன் கைக்குள் கொண்டுவந்து, கணக்கை வழித்தெடுப்பாள். அதற்குள் அந்த ஆள் யாரிடமும் யோசனை கேட்டுவிடக் கூடாதே! அதற்கென்றே ஒரு வாக்கியம் வைத்திருந்தாள். “நான் சொல்ற வரைக்கும் எழுந்திரிக்காதீங்க. எழுந்தா எல்லாம் போயிடும்.”

மற்றவர்கள் திட்டுவார்கள், போனை வைப்பார்கள். படத்தில் இருக்கும் இந்தப் பெரியவர் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டார்.

“மாத்திரை அடுத்த ரூம்ல இருக்கும்மா. எடுத்துட்டு வந்துடட்டுமா?”

“கொஞ்சம் பொறுங்க ஐயா.”

“சரிமா. நீ நல்லா இருக்கணும்.”

மறுபடி கேட்டார். மறுபடியும் பொறுக்கச் சொன்னாள். பிறகு மூச்சு இழுக்கும் சத்தம்தான் கேட்டது. தலை சரிந்ததைக் கண்ணால் பார்த்தாள். முகவரி திரையிலேயே இருந்தது. ஆம்புலன்ஸுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார். சொன்னால் மாட்டிக்கொள்வோமே என்று வாயைப் பொத்திக்கொண்டு லைனை அறுத்தாள், பாவி. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

“இன்னுமா அந்தக் கிழத்தைக் கட்டிக்கிட்டு அழற?” பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான், மொட்டை என்று எல்லோரும் அழைக்கும் முதலாளி. “கட் பண்ணித் தொலை.”

“பண்ணிட்டேன் அண்ணே. தானா திறக்குது.”

“ஊருக்கெல்லாம் வைரஸ்னு பொய் சொன்னோம்ல, நமக்கே நிஜமா வந்துடுச்சு போல!”

சிரித்துக்கொண்டே மற்ற எல்லோரையும் கூட்டிக்கொண்டு டீ குடிக்கப் போனான்.

பட்டப்பகல்தான். ஆனாலும் திரைச்சீலை இழுத்த அந்த வாடகை வீட்டில் வெளிச்சம் அழுக்குத் தண்ணீர் மாதிரி தேங்கிக் கிடக்க, மின்விசிறி முனகிக்கொண்டிருக்க, வியர்வை நாறும் ஹெட்ஃபோனுக்குள் அந்த அறையின் கடிகாரமும் ஓர் ஈயின் ரீங்காரமும் அவள் காதோடு ஒட்டிக்கொண்டு கேட்டன. அங்கே ஒரு போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. அவர் பெற்ற பிள்ளையாக இருக்கும்.

அவளால் தாங்க முடியவில்லை. மைக்கைத் திறந்தாள்.

“ஐயா... போதும் ஐயா. எழுந்திருங்க. என்னை மன்னிச்சிடுங்க.”

ஈ நின்றது.

நாற்காலி கிறீச்சிட்டது. உடம்பு எழுந்தது. தலை நிமிரவில்லை.

“சரிமா. மாத்திரை எடுத்துக்கறேன்.”

படத்தை விட்டு வெளியே நடந்தார். நாற்காலி காலி. செருப்பு தேயும் சத்தம். இழுப்பறை திறக்கும் சத்தம். எதையோ துழாவும் சத்தம்.

ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்தாள்.

சத்தம் நிற்கவில்லை. பக்கத்து அறையிலிருந்து வந்தது. இந்த வீட்டின் பக்கத்து அறை.

ஓடிவிட நினைத்தாள். கால் எழவில்லை. எழவே இல்லை.

செருப்பு தேய்ந்து தேய்ந்து நெருங்கியது. கதவு திறந்தது. நெஞ்சில் முகவாய் இடிக்கத் தொங்கும் தலை. நீலம் பாரித்த கையில் மாத்திரை அட்டை.

“கொஞ்சம் தண்ணி தர்றியாமா?”