துண்டுகள் உட்கார்ந்து போகும் பேருந்து

பேருந்தில் ஓர் இருக்கைகூடக் காலியில்லை. ஆனால் ஆட்கள் என்று பார்த்தால் அமலோற்பவம் ஒருத்திதான். மேல்கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள். மகள் நோயில் விழுவதற்கு முன்பு, அவளுக்கு வேலையில்லாத ஒரு நாள் அது. மற்ற இடங்களிலெல்லாம் துண்டுகள் உட்கார்ந்திருந்தன. துண்டு, கைக்குட்டை, தாவணி, ஜன்னலோரத்தில் யாரோ ஒருவரின் பனியன்கூட.

உப்பாலை நிறுத்தம் வந்தது. கதவு திறந்தது. "சவரிமுத்து அவர்களே, நீங்கள் இறங்கும் இடம் வந்துவிட்டது" என்று பேருந்து அன்பாகச் சொன்னது. யாரும் இறங்கவில்லை. ஓர் ஆள் இறங்குவதற்கான நேரம் காத்திருந்துவிட்டுக் கதவு மூடிக்கொண்டது. நாலாம் வரிசையில் கிடந்த நீலக்கட்டம் போட்ட துண்டு வேலைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டதாகக் கணக்கு.

அதன்பிறகும் துண்டு அங்கேயேதான் கிடந்தது. அதை ஒதுக்கிவிட்டு உட்கார அமலோற்பவத்துக்கு மனம் வரவில்லை. புதுத்துறை நாட்டில் எவருக்கும் வராது. கொலைகூடச் செய்யலாம், அடுத்தவர் போட்டுவைத்த துண்டை எடுக்கக்கூடாது என்று வளர்ந்த ஜனங்கள்.

கடலுக்குள் மணல்திட்டுகளை இணைத்து உண்டாக்கிய நாடு புதுத்துறை. தென்கரையிலிருந்து போனவர்கள்தான் முக்கால்வாசிப்பேர். கட்டடங்கள் கண்மூடித் திறப்பதற்குள் எழுந்தன. ஆனால் பல வருடங்களாகப் பொதுப் பேருந்து என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு ஆலையும் தன் ஆட்களைத் தன் வண்டியில் கொண்டுபோய்த் தன் வாசலில் இறக்கியது. பக்கத்துத் திட்டில் வாழ்க்கைப்பட்ட தங்கையைப் பார்க்கப் போவதற்கு வழியில்லை. அதனால் அரசு பேருந்து விடப்போகிறது என்றதும் ஊரே திருவிழாவுக்குப் புறப்பட்டதுபோல் புறப்பட்டது.

பேருந்துகளுக்கு ஓட்டுநர் இல்லை, நடத்துநர் இல்லை. பயணி யார் என்பதை இருக்கையே கண்டுபிடிக்கும். உப்புத்தூசிக்குப் பயந்து எல்லோரும் முகமூடி போட்டிருப்பதால் முகம் உதவாது. உப்பு வாரித் தேய்ந்த விரல்களில் ரேகையும் இல்லை. ஆகவே பொறியாளர்கள் வேர்வையைப் பிடித்தார்கள். இருக்கையின் மேல் 'ஆளறிப் படலம்' என்று ஒரு மெல்லிய தோல். உட்கார்ந்தவரின் வேர்வையை முகர்ந்து பெயர் சொல்லிவிடும். நிறுத்தங்களின் தரையிலும் ஆலை வாசல்களிலும் பள்ளியிலும் மருத்துவமனையிலும் அதே படலம். யார் எங்கே இருக்கிறார் என்பது நாட்டுக்கு எப்போதும் தெரியும். ஒருவர் ஒரு நேரத்தில் ஓரிடத்தில்தான் இருப்பார் என்ற விதியை வைத்துத்தான் மொத்த ஏற்பாடும் நின்றது. பொறியாளர்களுக்கு அந்த விதியில் தனிப் பெருமை.

தொடக்க நாளில் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். வழியில் தடை இருப்பதாகச் சொல்லிப் பேருந்து நகர மறுத்துவிட்டது. அமைச்சரே குனிந்து பழத்தை எடுக்க வேண்டியதாயிற்று. பிறகு கதவு திறப்பதற்குள் ஜனங்கள் வழக்கம்போல் ஜன்னல் வழியாகத் துண்டுகளை எறிந்து இடம் பிடித்தார்கள். படலத்துக்குத் தலை சுற்றியது. இருக்கையில் சவரிமுத்துவின் வேர்வை இருக்கிறது, சவரிமுத்துவோ வாசலில் நெரிசலில் நிற்கிறார். அடிதடியும் நடந்தது. பொறியாளர்களும் நம்மவர்கள்தானே. துண்டு போட்டால் இடம் அவருடையது என்று அவர்களுக்கும் பட்டது. துண்டையே ஆளாக எடுத்துக்கொள்ளும்படி படலத்துக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். சண்டை ஓய்ந்தது.

துண்டு போனால் போதும் என்பதை முதலில் கண்டுபிடித்தவர் யாரென்று தெரியவில்லை. ஆலைகளை ஓட்டுவது எந்திரங்கள். கண்காணிக்க ஆட்கள் இருக்கவேண்டும் என்பது சட்டம் மட்டுமே. ஆட்கள் துண்டை ஏற்றிவிட்டு வீட்டில் தூங்கினார்கள். துண்டுகள் ஒரு நாளும் தாமதமாகப் போகவில்லை. பேருந்துகள் நிரம்பி ஓடியதைப் பார்த்து வெளிநாட்டிலிருந்து பரிசு கொடுத்தார்கள்.

பேருந்து ஓடத் தொடங்கிய இந்த இரண்டு வருடத்தில் படலம் தானாகவே இன்னொன்றையும் கற்றுக்கொண்டது. துண்டின் வேர்வை மாறுவதில்லை. மனிதரின் வேர்வை ஒவ்வொரு நாளும் மாறுகிறது, காய்ச்சலில் ஒன்று, கோபத்தில் ஒன்று, பயத்தில் வேறொன்று. ஆளை அடையாளம் காணத் துண்டுதான் நம்பகமானது என்று அது முடிவு செய்திருந்தது. இதை யாரும் கவனிக்கவில்லை.

அமலோற்பவம் துண்டு அனுப்புகிற ரகம் இல்லை. அவளுடைய மகள் மெர்சியா தெற்குமுனை மருத்துவமனையில் கிடந்தாள். ஒன்பது வயதுப் பிள்ளையின் நுரையீரலில் உப்புத்தூசி இறங்கியிருந்தது. கடலுக்கு அப்பாலிருந்து திரையில் பேசிய மருத்துவர் இரண்டு வழி சொன்னார். மருந்தோடு பொறுத்திருந்து பார்க்கலாம், அல்லது கெட்ட பாகத்தை வெட்டி எடுக்கலாம். வெட்டினால் பிள்ளை பிழைத்தெழுவதற்குப் பாதிக்குப் பாதிதான் வாய்ப்பு. தூர்வாரும் கப்பலில் இருக்கும் கணவன் லூர்துசாமி வரும்வரை பொறுப்போம் என்று அவள் சொல்லியிருந்தாள். பெற்றவர்களில் ஒருவர் கட்டிலருகே இருக்கவேண்டும் என்பது மருத்துவமனை விதி. அவள்தான் இருந்தாள்.

அப்போதுதான் உப்பாலையிலிருந்து மேற்பார்வையாளர் பேசினார். உப்பு வாங்கும் வெளிநாட்டார் நேரில் பார்க்க வருகிறார்களாம். துண்டுகளைக் காட்ட முடியாது, தலைகள் வேண்டும், பதிவு எங்கே இருந்தாலும் பரவாயில்லை, ஆள் வரவேண்டும் என்றார். வராதவர்களுக்கு வேலை இல்லை. வேலை போனால் குடியிருப்பு போகும், குடியிருப்பு போனால் மருத்துவமனையும் கிடையாது.

பக்கத்துக் கட்டிலில் ஒரு துப்பட்டாவை உட்காரவைத்துவிட்டுக் கிளம்பிக்கொண்டிருந்த பெண்தான் யோசனை சொன்னாள். அமலோற்பவம் தன் பழைய சேலையை மடித்து நாற்காலியில் வைத்தாள். "தாயார் இருக்கிறார்" என்று நாற்காலி சொன்னது. ஒரு நாள்தானே என்று தேற்றிக்கொண்டாள். வாசலில் ஆலை வண்டி காத்திருந்தது.

ஒரு நாள் பல நாளாயிற்று. வந்தவர்கள் போகவில்லை. குடியிருப்பிலிருந்து ஆலைக்கு நடக்கும் தூரம்தான், நடந்தே போய்வந்தாள். தெற்குமுனைக்குப் போய்வர நேரமிருக்கவில்லை, சாயங்காலம் கைபேசியில் மகளிடம் பேசுவாள். மூன்றாம் நாள் அவள் மன்னிப்புக் கேட்டபோது, "பரவால்லம்மா, நீதான் இங்க இருக்கியே" என்றாள் மெர்சியா. விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று அமலோற்பவம் நினைத்தாள். அதற்கு மறுநாள் பிள்ளை பேசவில்லை.

விடிந்து ஆலைக்குப் போனபிறகு லூர்துசாமி கூப்பிட்டான்.

"ஏட்டி, என்னக் கேக்காம ஏன் சம்மதிச்ச?"

எதற்கு என்று கேட்டாள். மத்தியானம் பிள்ளைக்கு அறுவை செய்வதாக மருத்துவமனை அவனுக்குச் செய்தி அனுப்பியிருந்தது. தாயாரிடம் நேரில் கேட்கப்பட்டது, தாயார் மறுக்கவில்லை, மறுக்காததைச் சம்மதமாக எடுத்துக்கொள்கிறோம், கடைசியாக ஒருமுறை கேட்டுவிட்டு அழைத்துப் போவோம் என்று இருந்தது.

"நான் அங்க இல்லங்க. சேலைதான் இருக்கு" என்றாள் அமலோற்பவம்.

அவன் மருத்துவமனையை அழைத்துச் சொல்லிப் பார்த்தான். தாயார் பக்கத்தில் இருக்கும்போது தொலைவிலிருக்கும் தகப்பன் பேச்சு எடுபடாது என்று பதில் வந்தது. அவள் ஆலையை விட்டு ஓடினாள்.

நிறுத்தத்தில் நின்றாள். வந்த பேருந்து அவளைக் கடந்து போனது. அவள் தெற்குமுனையில் இருப்பதாகத் தரைக்குத் தெரியும், ஆகவே நிறுத்தத்தில் யாரும் இல்லை. அடுத்த பேருந்து ஏதோ ஒரு கைக்குட்டையை இறக்கிவிட நின்றது. காலியாகத் திறந்திருந்த கதவுக்குள் அவள் பாய்ந்து ஏறினாள்.

பேருந்து நகரவில்லை. "உரிமையாளர் இல்லாத பொருள் ஒன்று ஏறியிருக்கிறது. அதை அகற்றும்வரை பயணம் தொடராது" என்றது.

"நான் அமலோற்பவம். என் பிள்ளகிட்ட போகணும். தயவுசெஞ்சு வண்டிய எடு" என்றாள் அவள்.

"அமலோற்பவம் அவர்கள் தன் மகளுடன் இருக்கிறார்" என்றது பேருந்து.

அவள் இருக்கையின் விளிம்பில் கையை வைத்து அழுத்தினாள். உடம்பெல்லாம் வேர்த்துக் கொட்டியது. அவ்வளவு வேர்வையிலும் படலத்துக்கு அவளைத் தெரியவில்லை, அவள் சேலையில் இருந்த பெண் ஒருநாளும் இப்படிப் பயந்ததில்லை. சுற்றிலும் துணிகள் மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தன. நேரம் போவதைப்பற்றி அவற்றுக்குக் கவலையில்லை. ஒன்றாவது நகர்ந்து இடம்கொடுக்காதா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது. அந்த ஆத்திரத்தில்தான் வாழ்நாளில் செய்யாத காரியத்தைச் செய்தாள். பக்கத்து இருக்கையில் கிடந்த சிவப்புக்கரைத் துண்டை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு அந்த இடத்தில் உட்கார்ந்தாள்.

"ஞானப்பிரகாசம் அவர்களே, உங்கள் உடைமையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டுப் பேருந்து புறப்பட்டது.

மருத்துவமனை வாசலில் காவலாளியின் நாற்காலியில் ஒரு தொப்பி உட்கார்ந்திருந்தது. வராந்தாவில் ஆள் நடமாட்டம் இல்லை. மெர்சியாவின் அறைக்கதவு திறக்கவில்லை. "ஞானப்பிரகாசம் அவர்களே, நீங்கள் உறவினர் அல்ல" என்றது. அவள் துண்டைக் கழற்றி வீசினாள். அதற்குள் கதவு அவளை ஞானப்பிரகாசமாகவே நினைவில் வைத்துக்கொண்டுவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லாம் தெரிந்தது, பேச்சும் கதவின் ஒலிப்பெட்டி வழியாகத் தெளிவாகவே கேட்டது.

செவிலிப்பொறி கட்டிலைக் கடந்து நாற்காலியருகே போய்ப் பணிவாகக் குனிந்தது.

"அமலோற்பவம் அவர்களே, மகளை அழைத்துப் போகலாமா?"

மடித்த சேலை அசையவில்லை. பொறி காத்திருந்தது. கட்டிலில் மெர்சியாவும் தலையைத் திருப்பிச் சேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பொறி எவ்வளவு பொறுமையாகக் காத்திருந்ததோ அவ்வளவு பொறுமையாகப் பிள்ளையும் காத்திருந்தாள். பிறகு மெலிந்த கையை நீட்டிச் சேலையின் முந்தானையைத் தடவினாள்.

"சரிம்மா" என்றாள்.

கட்டில் நகரத் தொடங்கியது. அமலோற்பவம் முகமூடியைப் பிய்த்தெறிந்துவிட்டு இரண்டு கையாலும் கண்ணாடியை அறைந்தாள். மெர்சியா, மெர்சியா என்று தொண்டை கிழியக் கத்தினாள். உள்ளே எதுவும் கேட்டதாகத் தெரியவில்லை. கதவுதான் குரலைத் தாழ்த்திப் பேசியது.

"ஞானப்பிரகாசம் அவர்களே, தயவுசெய்து சத்தம் போடாதீர்கள். உள்ளே ஒரு தாய் தன் பிள்ளையை வழியனுப்பிக்கொண்டிருக்கிறார்."