மூலக்கை

காலை ஐந்தரைக்குள் நாற்பது சட்டைகளையும் நல்ல தண்ணீரில் அலசிக் காயப்போட வேண்டும். உப்பு தங்கினால் உள்ளே ஓடும் நுண்கம்பிகள் கெட்டுப்போகும். பயிற்சிக் கூடத்தின் பின்கட்டில் ஆறு வருடமாக இதுதான் என் வேலை. எந்தச் சட்டை யாருடையது என்று வேர்வையை முகர்ந்தே சொல்லிவிடுவேன். ஸ்டெனிசாவின் சட்டையை மட்டும் கடைசியில் எடுப்பேன். கொஞ்சம் அழுத்திப் பிழிவேன்.

ஸ்டெனிசா என் சித்தி மகள். பத்தாம் வகுப்பு முடித்தவள். நான் ஒன்பதில் நின்றுவிட்டேன்.

கடல் ஏறி பழைய தூத்துக்குடியின் பாதித் தெருக்களை மூடிய பிறகு, மீன்பிடிக் கப்பல்களைத் தானோட்டிகள்தான் செலுத்துகின்றன. ஆனால் தானோட்டிக்கு விளக்கில்லாத சின்ன வள்ளங்கள் தெரிவதில்லை. இரண்டு வள்ளங்கள் நொறுங்கிய பின்பு சட்டம் வந்தது. சான்றிதழ் பெற்ற ஓர் அதிகாரி இல்லாமல் எந்தக் கப்பலும் துறையை விட்டு நகரக் கூடாது. அதிகாரியின் வேலை ஒன்றே ஒன்று: தேவையான நொடியில் மறுப்புப்பிடியை இழுத்துத் தானோட்டியை நிறுத்துவது.

அந்த நொடியைப் பாடமாகச் சொல்லித்தர முடியவில்லை. அதனால் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த எல்லோரையும் திரையில் ஓடும் கடலின் முன் நிறுத்தி அளந்தார்கள். எனக்கு அப்போது பதினேழு வயது. அப்பாவின் வள்ளத்தில் ஐந்து வருடம் போயிருந்தேன். எல்லோரிலும் முதலிடம் எனக்குத்தான். என் உடம்பின் ஒவ்வோர் அசைவையும் சட்டையில் பதிவுசெய்துகொண்டார்கள். அதற்கு மூலக்கை என்று பெயர். பயிற்சிக்கு வருபவர்கள் நாற்பது நாள் அந்தப் பதிவுள்ள சட்டையைப் போட்டுக்கொள்ள, என் அசைவுகள் அவர்கள் தசையில் இறங்கும். நூற்றுக்குத் தொண்ணூறு ஒத்துப்போனால் சான்றிதழ்.

எனக்குச் சான்றிதழ் கிடையாது. விண்ணப்பத்தில் பத்தாம் வகுப்பு என்று கேட்டிருந்தார்கள்.

ஸ்டெனிசாவின் இறுதித் தேர்வு அன்று குடும்பத்தினரை உள்ளே விட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த ஆறு வருடத்தில் நான் கூடத்துக்குள் போனது அதுதான் முதல் தடவை. போகும்முன் அவள் என் தோளில் இடித்தாள்.

"பயப்படாத பிலோமி. ஒன் கைய நான் பத்திரமாப் பாத்துக்கிடுதேன்."

"சம்பளமும் என் கைக்கு வருமாட்டி?"

"அது சான்றிதழ்ல பேரு இருக்க ஆளுக்குல்லா வரும்." சிரித்தாள். நானும் சிரித்தேன்.

திரையில் கடல் விரிந்தது. ஓட்டுமேடையில் அவள் நின்றாள். நான் நிற்பதுபோலவே, இடது குதிகாலைச் சற்றுத் தூக்கி. இடப்பக்க மூடுபனியில் ஒரு வள்ளம் வந்துகொண்டிருந்தது. அவள் கழுத்து வலப்பக்கம் திரும்பியது. அப்படியே மறுப்புப்பிடியை இழுத்தாள். தொண்ணூற்றெட்டு மதிப்பெண். எல்லோரும் கைதட்டினார்கள்.

நான் தட்டவில்லை. வள்ளம் இடப்பக்கம் வந்தது; அவள் பார்த்தது வலப்பக்கம்.

என் வலது காது நாலு வயதுக் காய்ச்சலிலேயே போய்விட்டது. இரைச்சலில் எதையாவது கேட்க வேண்டுமென்றால் முகத்தை வலப்பக்கம் திருப்பி, இடது காதை முன்னால் கொடுப்பேன். என்னை அளந்த அன்று, இதே காட்சியில், அந்த வள்ளத்தின் மோட்டாரை நான் அப்படித்தான் கேட்டேன். இவர்கள் என் கழுத்தை வாங்கிக்கொண்டார்கள், காதை வாங்கவில்லை. ஸ்டெனிசா எதையும் கேட்கவில்லை. நாற்பது நாள் பழகிய காட்சி, பழகிய நொடி, கை தானாக இழுத்தது. நிஜக் கடலில் வள்ளம் அந்த நொடிக்கு வராது.

அளந்த அன்று செவிச் சோதனையும் இருந்தது. நர்சம்மா மணியை அழுத்தும் விரலைப் பார்த்துப் பார்த்துக் கை தூக்கினேன். அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அன்றும் சொல்லவில்லை. மூன்று நாள் சொல்லவில்லை. சொன்னால் மூலக்கை என் கை இல்லை என்று ஆகிவிடும். கடலில் எனக்கென்று இருப்பது அது ஒன்றுதான். சொல்லாததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. அவள் முதல் பயணத்தில் பிடியைத் தப்பாக இழுத்து, எல்லோர் முன்னாலும் தலைகுனிந்து வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். தலைகுனிவோடு அது நிற்காது என்று தெரிந்தும் ஆசைப்பட்டேன்.

நான்காம் நாள் காலை ஒன்பது கப்பல்கள் புறப்படத் தயாராக நின்றன. அதிகாரியின் வெள்ளைச் சட்டையில் ஸ்டெனிசா தன் கப்பலின் ஓட்டுமேடையில் நின்றாள். கப்பல்களின் இடப்பக்கம், மேடைக்கு நேர்க்கீழே துறைச்சுவரில் நின்று, "ஏட்டி, ஸ்டெனி" என்று கத்தினேன். எதற்குக் கூப்பிட்டேன் என்று தெரியாது.

சத்தம் கேட்டதும் அவள் முகம் வலப்பக்கம், என்னைவிட்டு அப்பால் திரும்பியது. அடுத்த கப்பலில் நின்றவரின் முகமும். அதற்கடுத்த கப்பலிலும். ஒன்பது பேரும் என் கழுத்தை வைத்துக்கொண்டு என்னைப் பார்க்காமல் நின்றார்கள். நான் நின்ற இடப்பக்கம்தான் துறைவாய்க்குள் ஒரு சின்ன வள்ளம் வலையோடு நுழைந்துகொண்டிருந்தது.

தேர்வு அலுவலர் மச்சாது சார் சுவரோரம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"சார், எனக்கு வலது காது கேக்காது."

"இப்ப அதுக்கு என்னம்மா?"

சொன்னேன். முழுதும் சொன்னேன். அவர் என் வலது காதருகே விரலைச் சொடுக்கியிருக்க வேண்டும். அவர் கை கீழே இறங்கியபோதுதான் எனக்கே தெரிந்தது.

"முன்னூத்திப் பன்னெண்டு பேரு இந்தச் சட்டையில தேறியிருக்காங்கம்மா" என்றார். பிறகு ஒலிபெருக்கியை எடுத்தார். கப்பல்களின் இன்ஜின்கள் நின்றன. அந்த வள்ளம் எதுவும் அறியாமல் கரைக்கு வந்து சேர்ந்தது.

ஸ்டெனிசா இறங்கி வந்தாள். சான்றிதழ் அட்டை கழுத்தில் தொங்கவில்லை, அதற்குள் வாங்கிவிட்டார்கள்.

"மூணு நாளா தெரியும், என்ன?"

"தெரியும்."

"அப்பமே சொல்லிருக்கலாம்லா. நான் கப்பல்ல ஏறி நிக்கட்டும்னு பாத்திருந்தியா? பொறாமையிலதான பிலோமி சொன்ன?"

இல்லை என்று சொல்லலாம். வள்ளத்தைக் காட்டலாம். ஆனால் சொல்லாமல் இருந்த மூன்று நாளும் பொறாமைதான். சொன்ன அந்த ஒரு நிமிடத்தில் எவ்வளவு பொறாமை, எவ்வளவு பயம் என்று பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை.

துறையெங்கும் இரைச்சல். என் பதிலைக் கேட்பதற்காக அவள் ஓரடி நெருங்கி வந்தாள். அவள் முகம் மெல்ல வலப்பக்கம் திரும்ப, நல்ல காதுகள் இரண்டு உள்ளவள் இடது காதை என் பக்கம் நீட்டிக்கொண்டு நின்றாள்.