நாலரை நிமிட நிலா

ஆண்டு விழாவில் எல்லோருக்கும் ஆட்டம் கிடைத்தது. கிறிஸ்டினாவுக்கு நிலா கிடைத்தது.

நிலா கிடைப்பது நல்லதுதானே என்று நினைக்கிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். அந்த நிலாவின் எடை மூன்று கிலோ.

ஓவிய ஆசிரியர் ஜியாவுல்லா சார் செய்த நிலா அது. ஆம்பூரில் தோல் துண்டுகளுக்கா பஞ்சம்? பழைய சாமான் கடையிலிருந்து ஒரு மூட்டை வெள்ளைத் துண்டுகளை வாங்கி வந்து, வட்டமான பலகையில் ஒவ்வொன்றாக ஒட்டினார். பால் வெள்ளை, சாம்பல் வெள்ளை, சுண்ணாம்பு வெள்ளை என்று எத்தனையோ வெள்ளைகள். கடைசியில் அடிப்பக்கத்தில் ஒரு துண்டு இடம் காலியாக நின்றது. அங்கே மட்டும் மஞ்சள் துண்டு ஒன்றை ஒட்டிவிட்டார்.

"வெள்ளை கம்மியா போச்சு. இருக்கட்டும், நிலாவுக்கு ஒரு மச்சம்!" என்று சொல்லிச் சிரித்தார். பிறகு நிலாவின் முதுகில் பெரிய எழுத்தில், 'படைப்பு: ஜியாவுல்லா' என்று எழுதினார். முதுகில் எழுதினால் யார் படிப்பார்கள் என்று அவர் யோசிக்கவே இல்லை.

முதலில் நிலாவைப் பந்தலில் கயிறு கட்டித்தான் தொங்கவிட்டார்கள். முதல் ஒத்திகையிலேயே காற்று வீசியது. நிலா ஒரு வீச்சில் ஒலிபெருக்கியை இடித்தது. அடுத்த வீச்சில் தலைமை ஆசிரியரின் மூக்குக் கண்ணாடியைத் தட்டிவிட்டது.

"இது ஆவறதில்ல. கம்புல கட்டி யாராவது பிடிச்சிக்கட்டும்" என்றார் நடனம் சொல்லிக்கொடுக்கும் பூங்குழலி டீச்சர். ஏழாம் வகுப்பில் யார் உயரம் என்று சுற்றிப் பார்த்தார். "கிறிஸ்டினா, நீ வா."

மேடையின் பின்னால் அட்டையில் செய்த ஏலகிரி மலை நின்றது. அந்த மலைக்குப் பின்னால் ஒரு பெஞ்சு. அதில் ஏறி நின்று, கம்பைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பார்ப்பவர்களுக்கு மலை தெரியும், நிலா தெரியும். கிறிஸ்டினாவின் ஒரு முடிகூடத் தெரியாது.

"பாட்டு நாலரை நிமிஷம். நிலா ஒரு இஞ்ச்கூட அசையக் கூடாது, சரியா?" என்றார் டீச்சர்.

"சரி டீச்சர்" என்றாள் கிறிஸ்டினா. அவளுக்கு ஆட வேண்டும் என்று கொள்ளை ஆசை. ஆனால் வாய் அதைச் சொல்லவில்லை.

அந்த வாரம் பார்த்துத்தானா பஞ்சாட்சரம் சார் அறிவியலில் 'வேலை' பாடம் நடத்த வேண்டும்! அவர் வகுப்புச் சுவரில் இரண்டு கையையும் வைத்து, முகம் சிவக்கத் தள்ளினார்.

"சுவர் நகந்துச்சா?"

"இல்ல சார்!"

"பொருள் நகந்தாதான் வேலை. நகரலேன்னா எவ்ளோ வேர்த்தாலும் சைபர்."

சைரா எழுந்து நின்றாள். அவள் கிறிஸ்டினாவின் தோழிதான். ஆனாலும் வாயைக் கட்டிவைக்கத் தெரியாது. "சார், கிறிஸ்டினா நிலாவைப் பிடிச்சிக்கினு அசையாம நிக்கிறா. அதுவும் சைபரா சார்?"

சார் தாடையைத் தடவினார். "நிலா அசையலேன்னா சைபர்தான்மா."

வகுப்பே சிரித்தது. கிறிஸ்டினாவும் சிரிப்பது போலக் காட்டினாள். உள்ளே மட்டும் சுருக்கென்றது.

இதையெல்லாம்கூட அவள் பொறுத்துக்கொண்டிருப்பாள். உண்மையான கவலை வேறு. அது அம்மா.

அம்மா ஷூ கம்பெனியில் கடைசி மேசையில் நிற்பவர். தைத்து, ஒட்டி, பளபளப்பாக்கி வரும் ஷூக்களை ஜோடி ஜோடியாக எடுத்துப் பார்ப்பார். இடது காலும் வலது காலும் ஒரே நிறமா? தையல் நேரா? பசை வழிந்திருக்கிறதா? எல்லாம் சரியாக இருந்தால் ஒரு சின்னப் பச்சை வட்ட ஸ்டிக்கர் ஒட்டுவார். இல்லையென்றால் அந்த ஜோடி திரும்பிப் போக வேண்டியதுதான்.

சில நாள் அந்த ஸ்டிக்கர் ஒன்று அம்மாவின் புடவையில் ஒட்டிக்கொண்டு வீடு வரை வந்துவிடும். ஒருமுறை கிறிஸ்டினா அதை எடுத்து, முப்பத்தெட்டு மதிப்பெண் வாங்கிய தன் கணக்குத் தாளில் ஒட்டிவைத்தாள். அம்மா தாளை வாங்கினார். மேலிருந்து கீழ்வரை படித்தார். பிறகு ஸ்டிக்கரை நகத்தால் மெதுவாகப் பிரித்து எடுத்துவிட்டார்.

"பாக்காம ஒட்டக் கூடாதும்மா" என்றார். கோபமே இல்லை. அதுதான் அம்மா.

அப்படிப்பட்ட அம்மா விழாவுக்கு வருகிறார். கம்பெனியில் ஏற்றுமதி நெருக்கடி. அரை நாள் லீவு கேட்டு மூன்று முறை சூப்பர்வைசரிடம் நடந்தார்.

"ஒருவழியா குடுத்துட்டாங்க கிறிஸ்டி! நீ எந்த வரிசையில ஆடுற? முன்னாடியா, பின்னாடியா?"

"பின்னாடிம்மா" என்றாள் கிறிஸ்டினா. அது பொய் இல்லை. உண்மையும் இல்லை.

"பின்னாடி இருந்தா இன்னா? என் கண்ணுக்குத் தப்பாது."

'வர வேணாம்மா' என்று சொல்லிவிடலாமா? அரை நாளை விட்டுவிட்டு வந்து, அட்டை மலையையும் கம்பில் கட்டிய பலகையையும் பார்த்துவிட்டா போவார்? ஒவ்வொரு நாளும் சொல்ல வாயெடுப்பாள். அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் விழுங்கிவிடுவாள்.

ஆனால் ஒன்று. செய்ய வேண்டிய வேலை என்று வந்தால் கிறிஸ்டினா அரைகுறையாகச் செய்ய மாட்டாள். மொட்டை மாடியில் ஒரு கம்பை எடுத்து, நுனியில் மூன்று கிலோ அரிசிப் பையைக் கட்டி, தூக்கி நின்று பழகினாள். முதல் நாள் ஒரு நிமிடம். அப்புறம் இரண்டு. அப்புறம் மூன்று.

காய்ந்த துணி எடுக்க அம்மா மேலே வந்தார்.

"இன்னாடி இது?"

"எக்சர்சைஸ்ம்மா."

"யாருக்கு? உனக்கா, அரிசிக்கா?"

கிறிஸ்டினா பையை அசையாமல் பிடித்து நின்றாள். அம்மா கொஞ்ச நேரம் அவளையே பார்த்தார். பிறகு துணிகளை அள்ளிக்கொண்டு இறங்கிப் போனார்.

ஒத்திகை நாட்களில் மலைக்குப் பின்னால் அவளுக்கு இரண்டு துணைகள் கிடைத்தன.

ஒன்று, அந்தப் பாட்டில் இருந்த ஒரு சத்தம். ஒலிபெருக்கி பக்கத்திலேயே இருந்ததால் அவளுக்கு அது நன்றாகக் கேட்டது. பாடுகிறவரின் குரலுக்கு அடியில், 'தும்... தும்... தும்...' என்று ஒரு தாளம். பாட்டு முழுக்க ஒரே மாதிரி. ஊரே முணுமுணுக்கும் பாட்டு அது. பாடியவர் பெயரை எல்லோரும் சொல்வார்கள். 'தும்' வாசித்தவர் பெயர் யாருக்கும் தெரியாது. ஆனால் சைராவும் மற்றவர்களும் அந்த 'தும்'மில்தான் கால் வைத்தார்கள். அட்டை மலையில் இருந்த ஒரு ரூபாய் அளவு ஓட்டை வழியாகப் பார்த்து அதைக் கண்டுபிடித்தவள் கிறிஸ்டினா. 'அந்த ஆளுக்கும் கை வலிச்சிருக்கும்' என்று நினைத்துக்கொண்டாள். அதன்பிறகு கம்பு கொஞ்சம் இலேசானது.

இன்னொரு துணை, முதலாம் வகுப்பு கோபி. அவன்தான் பாட்டில் முயல். நடுவில் தனியாக வந்து, நிலாவைப் பார்த்துக் கை நீட்டி, குதித்துக் குதித்து ஆட வேண்டும். ஒத்திகை முடிந்ததும் தினமும் பின்னால் ஓடி வந்துவிடுவான்.

"அக்கா, நிலாவைத் தொட்டுக்கவா?"

கிறிஸ்டினா நிலாவை இறக்கித் தருவாள். அவன் அந்த மஞ்சள் மச்சத்தைத் தடவுவான். "மெத்துனு இருக்குதுக்கா" என்பான். பிறகு குதித்துக்கொண்டே போய்விடுவான்.

விழா நாள் வந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்கே மைதானம் நிறைந்துவிட்டது. கிறிஸ்டினா பெஞ்சில் ஏறி நின்றாள். மலையின் ஓட்டை அவள் கண் உயரத்தில்தான் இருந்தது. அதில் கண்ணை வைத்துப் பார்த்தாள்.

மூன்றாவது வரிசையில் அம்மா. லீவு தந்தும் ஏற்றுமதி நெருக்கடியில் நேரத்துக்கு விடவில்லை போலும், வீட்டுக்குப் போகாமல் கம்பெனி நீலக் கோட்டோடு வந்திருந்தார். கழுத்தை நீட்டி, ஆட வந்த ஒவ்வொரு முகமாகத் தேடிக்கொண்டிருந்தார்.

கிறிஸ்டினா ஓட்டையிலிருந்து கண்ணை எடுத்தாள். கம்பை இறுக்கிப் பிடித்தாள். மஞ்சள் மச்சம் சரியாக அடியில் இருக்கிறதா என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டாள்.

பாட்டு தொடங்கியது. தும், தும், தும்.

ஒரு நிமிடம் போனது. இரண்டு நிமிடம் போனது. தோள் எரிந்தது. நிலா அசையவில்லை.

இப்போது முயலின் முறை. நீளக் காதுகளோடு கோபி நடுமேடைக்கு வந்தான். வந்தவன் மைதானத்தைப் பார்த்தான். அத்தனை தலைகள்! அப்படியே நின்றுவிட்டான்.

"ஆடுடா" என்று ஓரத்திலிருந்து பூங்குழலி டீச்சர் கை காட்டினார். அவன் பார்க்கவில்லை. கீழ் உதடு பிதுங்கியது. ஒரு காது சரிந்து கண்ணை மறைத்தது. முன்வரிசையில் யாரோ சிரிக்க, அவன் கண்ணில் நீர் முட்டிவிட்டது. மெல்லத் திரும்பி மலையைப் பார்த்தான்.

'அக்கா' என்று அவன் வாய் அசைந்தது.

பாவம் குழந்தை! கிறிஸ்டினாவால் கத்த முடியாது, பாட்டுச் சத்தத்தில் கேட்காது. ஓடிப் போக முடியாது, நிலா விழுந்துவிடும். ஒரு இஞ்ச்கூட அசையக் கூடாது என்று டீச்சர் சொன்னது காதில் கேட்டது.

அவள் கம்பை மெதுவாகச் சாய்த்தாள். தும், தும் என்ற தாளத்திலேயே இறக்கினாள். வானத்து நிலா மலையைத் தாண்டி, கீழே, கீழே வந்து, முயலின் தலைக்கு மேல் நின்றது. மஞ்சள் மச்சம் அவன் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தது.

கோபி அண்ணாந்து பார்த்தான். கை நீட்டித் தொட்டான். மெத்தென்று இருந்தது.

அவன் சிரித்தான். அப்புறம் குதித்தான் பாருங்கள், இரண்டு காதும் பறக்க ஒரு குதி! மைதானமே கைதட்டியது. நிலாவை மறுபடி மேலே ஏற்றுவதற்குள் கிறிஸ்டினாவின் கை இற்றுவிடும் போல ஆனது. பல்லைக் கடித்துக்கொண்டு ஏற்றினாள். மிச்சப் பாட்டுக்கு நிலா அங்கேயே நின்றது.

பாட்டு முடிந்ததும் ஆடியவர்களை ஒவ்வொருவராக மேடைக்குக் கூப்பிட்டார்கள். சைரா வந்தாள். கோபி வந்தான். நிலா செய்த ஜியாவுல்லா சாருக்குச் சால்வை போர்த்தினார்கள். பெயர்கள் முடிந்துவிட்டன. கிறிஸ்டினா மலைக்குப் பின்னால் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் நிலா தன் முதுகைக் காட்டிப் படுத்திருந்தது.

முதலில் வந்தவர் பஞ்சாட்சரம் சார். "நிலா எவ்ளோ இறங்குச்சும்மா?"

"ஒரு மீட்டர் இருக்கும் சார்."

"மூணு கிலோவ ஒரு மீட்டர் மேல தூக்கியிருக்க. ஏறக்குறைய முப்பது ஜூல் வேலை! சைபர் இல்ல!"

"மிச்ச நேரம் அசையாம நின்னேனே சார், அது?"

சார் தலையைச் சொறிந்தார். "அது சைபர்தான்மா. இன்னா பண்றது, அந்தச் சூத்திரத்துக்குக் கை வலி தெரியாது." கொஞ்சம் வருத்தமாகவே சொல்லிவிட்டுப் போனார்.

பிறகு நீலக் கோட்டு தெரிந்தது.

"அம்மா..." கிறிஸ்டினா எழுந்தாள். "நான் ஆடலம்மா. உன்னாண்ட சொல்லல. நீ லீவு போட்டு வந்து, என்னைப் பாக்கவே முடியாம..." மேலே பேச முடியாமல் அழுகை வந்துவிட்டது.

"யாரு சொன்னா பாக்கலன்னு?" என்றார் அம்மா. "ஆடுறவங்க மூஞ்சியெல்லாம் பாத்தேன், நீ இல்ல. அப்புறம் நிலாவைப் பாத்தேன். அடியில ஒரு மஞ்சத் துண்டு. காத்து அடிக்குது, பந்தல் ஆடுது, அது மட்டும் அந்த இடத்தை வுட்டு நகரல. அந்த அரிசிப் பை ஞாபகம் வந்துச்சு. இது என் பொண்ணுன்னு தெரிஞ்சிபோச்சு."

"ஆனா நான் இறக்கிட்டேனேம்மா. அசையக் கூடாதுன்னாங்க."

"இறக்கினப்போகூட அந்த மஞ்சத் துண்டு அடியிலயேதான் இருந்துச்சு. நான் கண்ணே எடுக்கல."

அம்மா அவளுடைய இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்தார். உள்ளங்கைகளைத் திருப்பினார். கம்பு அழுத்திய சிவப்புக் கோடு இடது கையிலும் இருந்தது, வலது கையிலும் இருந்தது. கம்பெனி மேசையில் பார்ப்பது போலவே, அவசரப்படாமல், இதையும் அதையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

பிறகு கோட்டின் கை மடிப்பில் ஒட்டிக்கொண்டு வந்திருந்த பச்சை வட்டத்தை நகத்தால் பிரித்தெடுத்து, மகளின் மணிக்கட்டில் ஒட்டி, விரலால் ஒருமுறை அழுத்திவிட்டார்.