கூப்பிடாமல் எப்படிப் போவது?

சில்வண்டின் அப்பா திங்கட்கிழமையிலிருந்து டைல்ஸ் கடைக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். ஆனால் அந்தக் கடையில் இருக்கும் ஒருவர்கூட இன்னும் அவர் முகத்தைப் பார்த்ததில்லை.

இந்தச் சங்கதி வியாழக்கிழமை வரை அவரைத் தவிர யாருக்கும் தெரியாது. வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்தது. வகுப்புக்குள் செருப்புகள் படகு மாதிரி மிதக்க ஆரம்பிக்கவும், தலைமையாசிரியர் மதியமே எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். ஆடிப்பாடிக்கொண்டு வந்த சில்வண்டு, பெரிய சாலையின் பஸ் நிறுத்தத்தில் சட்டென்று நின்றாள். வாய் ஓயாமல் பேசுவதால் அப்பா வைத்த பெயர்தான் சில்வண்டு. இப்போது அந்த வாயே அடைத்துப்போயிற்று.

நிறுத்தத்துப் பெஞ்சில் அப்பா உட்கார்ந்திருந்தார். மடியில் சாப்பாட்டு டப்பா. காலையில் அம்மா தேய்த்துக் கொடுத்த நீலச் சட்டையில் ஒரு மடிப்புகூடக் கலையவில்லை. எதிர்ப்பக்கம் டைல்ஸ் கடையின் கண்ணாடிக் கதவு மின்னியது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பா! கடை அந்தப் பக்கம் இருக்கு!"

அப்பா திருதிருவென்று விழித்தார். "நீ என்ன இந்த நேரத்துல?"

"ஸ்கூல்ல வெள்ளம். நீங்க என்ன இந்த நேரத்துல?"

அதற்குள் ஒரு பெரியவர் அப்பாவை உற்றுப் பார்த்துவிட்டு அருகில் வந்தார். "ஏம்ப்பா, நீ ஃபுட்பால் ஆடின ஆள்தானே? இப்ப எந்த டீம்?"

"பஸ்ஸுக்குக் காத்திருக்கேங்க" என்றார் அப்பா.

கேட்டதற்கும் சொன்னதற்கும் சம்பந்தமே இல்லை. பெரியவர் தலையைச் சொறிந்துகொண்டே வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

சில்வண்டு அப்பாவை ஒட்டி உட்கார்ந்தாள். "நிஜத்தைச் சொல்லுங்கப்பா. கடைக்குப் போகவே இல்லையா?"

"போனேன் கண்ணு. திங்கக்கிழமை கதவு வரைக்கும் போனேன். உள்ள எல்லாரும் வேலையா இருந்தாங்க. வாசல்லயே நின்னேன். யாரும் கூப்பிடல. ரொம்ப நேரம் நின்னுட்டு இங்க வந்து உக்காந்துட்டேன்."

சில்வண்டுக்குச் சிரிப்பு பீறிட்டது. "ஐயோ அப்பா! அது கடை! கடைக்குள்ள யார் வேணும்னாலும் போகலாம். போன வாரம் ஒரு பூனைகூடப் போச்சு!"

அப்பா சிரிக்கவில்லை.

"எங்க ஆட்டத்துல அப்படி இல்லடா. மாத்து ஆளா உக்காந்திருக்கறவன் தானா எந்திரிச்சு மைதானத்துக்குள்ள போகக்கூடாது. கோட்டுக்கு வெளிய நிக்கணும். அங்க இருக்கற நடுவர் நம்ம நம்பரைத் தலைக்கு மேல தூக்கிக் காட்டுவார். உள்ள இருக்கற நடுவர் வான்னு கை காட்டுவார். அப்பதான் காலை வைக்கணும்."

"அது அங்கதானேப்பா?"

"பதினெட்டு வருஷம் அங்கதானே இருந்தேன்?"

அவர் டப்பாவின் மூடியைத் திறந்தார், மூடினார். சோறு அப்படியே இருந்தது.

"முழங்கால் போனதுக்கு அப்புறம் ரெண்டு வருஷம் பெஞ்சுதான். கோச் திரும்பிப் பார்ப்பாரான்னு அவர் முதுகையே பார்த்துட்டு இருப்பேன். கடைசி மேட்ச்ல, ஓரமா ஓடி உடம்பைச் சூடாக்கிக்கோன்னு சொன்னார். ஓடினேன். ஓடிக்கிட்டே இருக்கேன், விசில் ஊதிட்டாங்க. ஆட்டம் முடிஞ்சுது. யாரும் என்னை வான்னும் சொல்லல, போன்னும் சொல்லல."

அப்பா இதை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை என்று சில்வண்டுக்குத் தோன்றியது.

"அங்க நான் கிழவன். இங்க நேத்து வந்த புதுப்பையன். ஒரு டைல்ஸைக் காட்டி என்ன விலைன்னு கேட்டா எனக்கு என்ன தெரியும்? நான் எதுக்கும் உதவாத ஆளாயிட்டேன், சில்வண்டு."

"வாங்க, நான் கூட வரேன்." அவள் கையைப் பிடித்து இழுத்தாள். அப்பா எழுந்தார். நடைபாதை விளிம்பு வரை வந்தார். அங்கே அவர் கால்கள் நின்றுவிட்டன.

"நாளைக்குப் போறேனே" என்று திரும்பி வந்து பெஞ்சில் சாய்ந்தார். ஆறடி மனிதர் அவ்வளவு சின்னதாக உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை.

சில்வண்டு சிக்னலுக்குக் காத்திருந்து, சாலையைக் கடந்து, கண்ணாடிக் கதவைத் தள்ளினாள்.

கடை முதலாளியம்மா, மூக்குக்கண்ணாடியைத் தலைமேல் ஏற்றி வைத்துக்கொண்டு அதையே மேசையெல்லாம் தேடிக்கொண்டிருந்தார்.

"தலையில இருக்கு ஆன்ட்டி. நான் நர்ஸம்மா பொண்ணு. எங்கப்பாதான் இங்க வேலைக்கு வரவேண்டியவர்."

"நல்லா வந்தார் போ! உங்கம்மா ரெண்டு ஷிப்ட் பார்த்து அல்லாடறாளேன்னுதான் வேலை தரேன்னு சொன்னேன். நாலு நாளா ஆளைக் காணோம். நாளைக்கு வேற ஒருத்தரை வரச்சொல்லப் போறேன்."

சில்வண்டு கதவுக்கு வெளியே கையைக் காட்டினாள். "அவர் எதிர்ல பஸ் ஸ்டாப்லதான் இருக்கார் ஆன்ட்டி. நாலு நாளாவே."

முதலாளியம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். "அடப்பாவமே! அங்க ஏன் உக்காந்திருக்கார்? வெத்தலை பாக்கு வச்சு அழைக்கணுமாமா?"

"வெத்தலை பாக்கு வேண்டாம். கூப்பிட்டாப் போதும்."

அவள் மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். பெஞ்சு, கோடு, நடுவர், நம்பர், கடைசி விசில். முதலாளியம்மா நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. பேச இடமும் கிடைக்கவில்லை.

"சரி, அவர் நம்பர் என்ன?"

"பதினாலு."

முதலாளியம்மா சுவரைக் காட்டினார். வீட்டுக் கதவு எண்களுக்கான சின்ன டைல்ஸ் அங்கே வரிசையாகத் தொங்கின. சில்வண்டு நாற்காலி போட்டு ஏறி ஒரு ஒன்றையும் ஒரு நாலையும் எடுத்தாள். முதலாளியம்மாவோடு கதவுக்கு வெளியே வந்து இரண்டையும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

ஒரு லாரி மறைத்தது. ஒரு பஸ் மறைத்தது. அவள் எம்பி எம்பிப் பார்த்தாள். பஸ் நகர்ந்தபோது அப்பா எழுந்து நின்றிருந்தார்.

"ஆன்ட்டி, நாலு ஒன்னு காட்டறேனா, ஒன்னு நாலா?"

"சரியாத்தான் பிடிச்சிருக்கே, ஆடாதே."

சிக்னல் மாறியது. அப்பா சாலையைக் கடந்து வந்தார். முதலில் மெதுவாக, பிறகு சிறு ஓட்டமாக. கதவருகே வந்ததும் நின்றார். பழக்கதோஷம், வலது காலைப் பின்னால் மடக்கி அடிப்பாகத்தைக் காட்டினார். பிறகு இடது காலை.

"இது என்ன?" என்று முதலாளியம்மா கிசுகிசுத்தார்.

"மைதானத்துக்குள்ள விடறதுக்கு முன்னாடி ஷூவைச் சோதிப்பாங்க ஆன்ட்டி. பார்த்தேன்னு சொல்லுங்க."

முதலாளியம்மா குனிந்து நிஜமாகவே பார்த்தார். "சேறு இல்ல. உள்ள வாங்க தம்பி" என்று கையை விரித்துக் காட்டினார்.

அப்பா இடது காலை எடுத்து உள்ளே வைத்தார். கண்கள் கலங்கியிருந்தன. "மன்னிச்சுக்கோங்க மேடம். எனக்கு இந்த வேலை ஒன்னும் தெரியாது."

"தெரியாதுன்னு எனக்குத் தெரியும். அந்தப் பெட்டியை அலமாரி மேல வைங்க. பார்த்து, உள்ள இருக்கறது கண்ணாடி மாதிரி. பூப்போல வைக்கணும்."

அப்பா பெட்டியைத் தூக்கினார். முழங்கால் வலியில் முகம் ஒருமுறை சுருங்கியது. ஆனாலும் சத்தமில்லாமல் வைத்தார்.

"சில்வண்டு, வீட்டுக்குப் போகலையா?"

"நான் நடுவர். ஆட்டம் முடியற வரைக்கும் போகக்கூடாது."

அவள் மூலையில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். யாரோ குளியலறைக்கு வழுக்காத டைல்ஸ் கேட்டார்கள். "கேட்டுச் சொல்றேங்க" என்று அப்பா முதலாளியம்மாவிடம் ஓடினார். மறுபடி ஓடினார். மறுபடியும்.

கடை மூடும் நேரம்வரை யாரும் அவர் நம்பரைத் தூக்கிக் காட்டி வெளியே அழைக்கவில்லை.